மாலா-என் சாப்பிட்டால் வைட்டமின் சி குறைந்துவிடுமா?

கேள்வி: வயது 29, தண்டையார்பேட்டை. ஒரு வருடமாக மாலா-என் சாப்பிடுகிறேன். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. கருத்தடை மாத்திரை வைட்டமின் சி-யைக் கரைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி போடலாமா?

பதில்: அட்டையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ஈறை நிதானமாகச் சரிசெய்யலாம். நாள் தவறிய மாத்திரையால் கரு தங்கிவிட்டால் அது வேறு கவலை.

அந்தச் செய்தி முழுப் பொய் அல்ல. மாத்திரை சாப்பிடும் பெண்களின் ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்திருப்பதை 1970-களின் ஆய்வுகள் காட்டின. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைக் கூட்டுகிறது. வைட்டமின் சி சீக்கிரம் செலவாக அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அன்றைய மாத்திரைகள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜன் 50 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. மாலா-என்னில் 30 தான். காய், பழம் சாப்பிடுகிறவருக்கு இந்தக் குறைவு நோயாக முற்றுவதில்லை. அந்தரா என்ற கருத்தடை ஊசியில் ஈஸ்ட்ரோஜனே கிடையாது. சாயா என்ற இன்னொரு கருத்தடை மாத்திரை ஹார்மோன் மாத்திரையே அல்ல.

பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. தள்ளுவண்டியில் உப்பு, மிளகாய்த்தூள் தடவித் தருகிறார்களே, அந்தக் கொய்யாவில் 100 கிராமுக்கு சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. அரைப் பழமே தாராளம். நெல்லிக்காய் கிடைத்தால் ஒன்று. முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு, ஆனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பாதி சத்து அதோடு போய்விடும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, மூடி, வெந்ததும் இறக்குங்கள். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

1000 மில்லிகிராம் மாத்திரை வேண்டாம். அளவு ஏற ஏற வயிறு கலங்கும். கடும் பேதி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் கருத்தடை மாத்திரையே உடம்பில் சரியாகச் சேராது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தொடவே கூடாது.

அட்டையின் கடைசி ஏழு மாத்திரைகள் இரும்புச்சத்து. அவற்றை டீயோடு விழுங்காதீர்கள். எலுமிச்சை ஜூஸோடு சாப்பிட்டால் இரும்பு நன்றாக ஏறும்.

உண்மையில் மாத்திரையின் வேலையைக் கெடுப்பது காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெபின். வீட்டில் யாருக்காவது டி.பி. வந்து உங்களுக்கும் மருந்து தொடங்கினால், மாலா-என் சாப்பிடுவதை அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஈறு ரத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் பல்லடியில் படிந்த அழுக்கும் காரையும்தான். ஹார்மோன் அந்த வீக்கத்தைக் கொஞ்சம் கூட்டலாம். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மென்மையான பிரஷால் காலையும் இரவும் துலக்குங்கள். இரண்டு வாரம் கழித்தும் ரத்தம் வந்தாலோ, அடிபடாமலே தோலில் நீலத் திட்டு தெரிந்தாலோ, பிளேட்லெட் எண்ணிக்கையோடு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள்.