பழைய செயின்சா: ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன்

பழைய மரம் அறுக்கும் மிஷின்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக் கேள்வி ஒன்றேதான்: "கார்பரேட்டர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று வைக்கணும்?" முதல் பதிலிலேயே அதை முடித்துவிடுகிறேன். மற்றவற்றைக் கேட்டவர்களின் ஊரோடு போடுகிறேன். நான் 'பழசு' என்று சொல்வது பாயிண்ட் (பொறிக்காகக் கரண்டை வெட்டிவிடும் தொடுமுனை) வைத்த, செயின் பிரேக் (செயினைச் சட்டென்று நிறுத்துவது) இல்லாத காலத்து மிஷின்களை.

கூடலூர்: அண்ணா, எஸ்டேட் ஏலத்தில் எடுத்த ஸ்டில் (Stihl) கம்பெனியின் 070 இருக்கிறது. ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐடிலில் நிற்காமல் தானாக ரேஸ் ஆகும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மெக்கானிக் ஸ்க்ரூ திருப்பி செட் பண்ணிக் கொடுத்தார், இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது. எத்தனை சுற்று வைக்க வேண்டும்?

இரண்டு ஸ்க்ரூவையும் மெதுவாக முழுக்க மூடி, தலா ஒரு சுற்று திறங்கள். பெரும்பாலான பழைய டயாப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கார்பரேட்டர்கள் அதில் ஸ்டார்ட் ஆகிவிடும். அதற்கு மேல் கூட்டுவதும் குறைப்பதும் கால் சுற்றுக்குள் முடிய வேண்டும். இரண்டு சுற்று திறந்தால்தான் ஓடுகிறது என்றால் கோளாறு ஸ்க்ரூவில் இல்லை. எங்கோ காற்று உள்ளே போகிறது, அதை ஈடுகட்டப் பெட்ரோலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

070 என்பது 106 சிசி, 58 மில்லிமீட்டர் போர், 40 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். 1959-ல் வந்த ஸ்டில் கான்ட்ராவின் வழி வந்தது. இதில் இரும்பும் அலுமினியமும் லேசில் போகாது. போவதெல்லாம் ரப்பரும் கேஸ்கெட்டும்தான்: கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்க ஆயில் சீல், கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட், டேங்க்கில் இருந்து வரும் டியூப், கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம். சீல் காய்ந்தால் காற்று புகும், கலவை மெலியும் (காற்று கூடி பெட்ரோல் குறையும்), ரேஸ் ஆகும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. அதனால் கலவை மெலிந்தால் பிஸ்டனுக்குப் போகும் ஆயிலும் குறைகிறது. அப்படியே ஃபுல் த்ராட்டிலில் ஒரு பெரிய மரத்தை அறுத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சைலன்சரைக் கழற்றி, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரை வைத்து எக்ஸாஸ்ட் வாயை அடைத்து மறுபடி போல்ட் போடுங்கள். கார்பரேட்டரை எடுத்துவிட்டு அந்த வாயையும் அதே மாதிரி அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாகக் கைப்பம்பில் அரை பார் அழுத்தத்துக்குக் காற்று கொடுங்கள். அதைத் தாண்ட வேண்டாம். காற்று நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரை இரண்டு சீல் மேலும் சிலிண்டர் அடியிலும் தடவுங்கள், நுரை வரும் இடம்தான் கோளாறு. நுரையே வராமல் காற்று இறங்கினால் நீங்கள் அடைத்த ரப்பரைப் பாருங்கள். சில சீல் வெளியே தள்ளும் காற்றைத் தாங்கும், உள்ளே இழுக்கும் காற்றைத் தாங்காது. அதனால் வாக்குவம் பம்ப் கிடைத்தால் அதிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சீல் எளிதாகக் கிடைக்கும். பழைய சீலின் முகத்தில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் அச்சிட்டிருக்கும். பேரிங் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும். பெட்ரோல் படும் இடம் என்று சொல்லி, 'வைட்டான்' (Viton) ரப்பரில் கேளுங்கள்.

லீக் அடைத்த பிறகுதான் ஸ்க்ரூ. முதலில் எல் (குறைந்த வேக ஸ்க்ரூ), அப்புறம் ஐடில் ஸ்க்ரூ, கடைசியாக மரத்தில் வைத்து எச் (அதிக வேக ஸ்க்ரூ). மரத்தில் வைக்காமல் ஃபுல் த்ராட்டிலில் ஓடும்போது சத்தம் கொஞ்சம் கரகரவென்று உடைந்து வர வேண்டும், மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். 070-ன் கார்பரேட்டர்களில் கவர்னர் வால்வு இருப்பதுண்டு. அது வேகம் ஏறினால் தானே பெட்ரோலைக் கூட்டி இதே கரகர சத்தத்தைக் கொடுக்கும். அந்தச் சத்தத்தை நம்பி எச் ஸ்க்ரூவை மூடிக்கொண்டே போனால் மிஷின் போய்விடும். டேக்கோமீட்டர் (சுற்று வேகம் காட்டும் மீட்டர்) இல்லாதவர்கள் கால் சுற்று அதிகம் திறந்தே வையுங்கள். கொஞ்சம் புகை வந்தால் வரட்டும்.

பொள்ளாச்சி: சார், ஆயில் எவ்வளவு கலப்பது? அப்பா 1-க்கு 20 என்பார், கடைக்காரர் 1-க்கு 50 என்கிறார். பெட்ரோலில் எத்தனால் வேறு இருக்கிறதே?

இருவர் சொல்வதும் அவரவர் ஆயிலுக்குச் சரி. அந்தக் காலத்தில் சாதா எஸ்.ஏ.இ. 30 ஆயிலை ஊற்றியதால் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், 20-க்கு 1 என்று டேங்க் மூடியிலேயே எழுதியிருக்கும். இன்றைய டூடி ஆயில் வேறு ஜாதி. ஜாஸோ எஃப்.டி. (JASO FD) தரம் என்று டப்பாவில் போட்டிருப்பதை வாங்கி, லிட்டருக்கு 30 முதல் 40 மில்லி ஊற்றுங்கள். பழைய மிஷினில் 20 மில்லிக்கு இறங்க எனக்கு மனம் வராது. படகு எஞ்சினுக்கு வரும் ஆயில் வேண்டாம், அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்காகச் செய்தது. இன்னொன்று, ஆயிலைக் கூட்டினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறையும், கலவை மெலியும். அளவை மாற்றினால் எச் ஸ்க்ரூவையும் பார்க்க வேண்டும்.

எத்தனால்தான் பெரிய தொல்லை. இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீதக் கலப்பு. பழைய ரப்பர் டியூப் ஊறி உப்பும், காய்ந்தால் வெடிக்கும். டயாப்ரம் விறைத்துவிடும். மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரியும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்தால் டேங்க்கைக் கவிழ்த்து, மிச்சம் தீர்ந்து அணையும் வரை ஓட விடுங்கள். டியூபையும் டயாப்ரம் கிட்டையும் ஒருமுறை புதிதாக மாற்றிவிடுங்கள். கார்பரேட்டரைப் பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டும் டயாப்ரமும் வரிசை மாறினால் அப்புறம் எதைத் திருப்பியும் பயனில்லை.

ஹட்டன்: அண்ணை, பழைய மெஷின் ஒன்று பத்து வருஷமாகக் கொட்டிலில் கிடந்தது. பிளக்கில் நெருப்பே வருதில்லை. காயில் போய்விட்டதா?

காயிலுக்குக் காசு கொடுக்காதையுங்கோ. பத்து வருஷம் சும்மா கிடந்த மெஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாயிண்டை. இரண்டு முனையிலும் மெல்லிய பாசி மாதிரி ஒன்று படியும், கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும், கரண்ட் மட்டும் போகாது.

ஸ்விட்ச் வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள், சில சமயம் அதுவே பாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லை என்றால் ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். புல்லர் போடுங்கள், சுத்தியலால் ஓரத்தில் அடித்தால் ஃபின் உடையும். பாயிண்டை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு தின்னரில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுங்கள். கார்டில் கறை வராத வரை. இடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் அதே கார்டின் தடிமன் போதும். பிளக்கில் அரை மில்லிமீட்டர். பாயிண்டில் நீலமாகப் பெரிய பொறி அடித்து, பிளக்கில் மெலிசாக வந்தால் கண்டன்சர் போயிருக்கிறது. இதற்குப் பிறகும் இருட்டு என்றால் காயிலைப் பற்றி யோசிக்கலாம். பாயிண்டே வேண்டாம் என்பவர்களுக்கு சின்ன எலக்ட்ரானிக் சிப் வருகிறது, பல மெஷினில் வேலை செய்கிறது. எனக்குப் பாயிண்ட் பிடிக்கும், எங்கே கோளாறு என்று கண்ணால் பார்க்கலாம்.

ஏற்காடு: கயிறு இழுத்தால் திருப்பி அடிக்கிறது, விரல் போயிருக்கும். ஏன்?

பாயிண்ட் இடைவெளி அதிகமாக இருக்கிறதா பாருங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறி முந்தி அடிக்கும். ஃபிளைவீல் சாவி (சக்கரத்தை நகராமல் பிடிக்கும் சிறு ஆப்பு) தேய்ந்து சக்கரம் நகர்ந்திருந்தாலும் இதே கதைதான். இரண்டும் சரி என்றால் இழுக்கும் முறை. மிஷினைத் தரையில் வைத்துக் காலால் அமுக்கி, கனக்கும் இடம் வரும் வரை மெதுவாக இழுத்து, கயிறைத் திரும்ப விட்டு, அப்புறம் ஒரே இழுப்பு. கயிறை உள்ளங்கையில் சுற்றவே கூடாது.

டொராண்டோ: கராஜ் சேலில் ஹோம்லைட் எக்ஸ்.எல்.12 கிடைத்தது, ஓடுகிறது, ஆனால் செயின் காய்ந்து புகைகிறது. அதே வீட்டில் ஐ.இ.எல். என்று தகடு போட்ட பெரிய மிஷினும் இருக்கிறது, பார் (செயின் ஓடும் நீளத் தகடு) மட்டும் தனியாகத் திரும்புகிறது. வாங்கலாமா?

முதலாவது சுலபம். எக்ஸ்.எல்.12-ல் ஆயிலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கைப்பிடி அருகே கட்டைவிரலுக்கு ஒரு பட்டன் இருக்கும், அறுக்கும்போது சில வினாடிக்கு ஒருமுறை அமுக்க வேண்டும். அமுக்கியும் வரவில்லை என்றால் பழைய ஆயில் பிசினாகி வழியை அடைத்திருக்கும், மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். அங்கே ஹார்ட்வேர் கடையில் எத்தனால் இல்லாத டப்பா பெட்ரோல் கிடைக்குமே, சேமித்து வைக்கும் முன் கடைசியாக அதை ஓட்டிவிடுங்கள்.

இரண்டாவதை வாங்குங்கள், ஓட்டுவதற்காக அல்ல. ஐ.இ.எல். வான்கூவர் கம்பெனி. அந்த வரிசைதான் பிறகு பயனியர் என்ற பெயரில் ஒன்டாரியோவின் பீட்டர்பரோவில் தயாரானது. பார் திரும்புவதற்குக் காரணம் கார்பரேட்டர். அப்போது இருந்தது ஸ்கூட்டரில் உள்ளது போன்ற ஃப்ளோட் (மிதவை) வைத்த கார்பரேட்டர், சாய்த்தால் பெட்ரோல் வராது. நிற்கும் மரத்தைப் படுக்கை வாட்டில் அறுக்க எஞ்சினை நேராக வைத்துக்கொண்டு பாரை மட்டும் திருப்பினார்கள். டயாப்ரம் வந்த பிறகுதான் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும் மிஷின் சாத்தியமானது. 1949-ல் வந்த மெக்கலக் 3-25 அப்படிப்பட்டது, 25 பவுண்டுதான், ஒரே ஆள் தூக்கலாம்.

அதில் இருக்கும் செயினையும் பாருங்கள். பல் கைரம்பத்தில் இருப்பது மாதிரி நேராக நின்றால் அது பழைய சுரண்டும் செயின். இன்று நாம் போடும் வளைந்த பல், 1946-ல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் வாயைப் பார்த்து யோசித்தது. அடுத்த ஆண்டே ஓரிகன் மாநிலம் போர்ட்லேண்டில் தயாரிக்கத் தொடங்கினார். பழைய செயின் முழுசாக இருந்தால் அரம் போடாமல் அப்படியே வைத்திருங்கள்.

ஈப்போ: அண்ணே, பிஸ்டன் பிடிச்சு, கோடு விழுந்திருக்கு. டூப்ளிகேட் சிலிண்டர்-பிஸ்டன் கிட் மலிவா கிடைக்குது. போடலாமா? ஆசிட் விட்டு சிலிண்டரை சுத்தம் பண்ணலாம்னும் சொல்றாங்க.

கிட் வாங்கும் முன் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு என்றால் சூடு அல்லது மெலிந்த கலவை. சுற்றிலும் கோடு என்றால் ஆயில் இல்லாத பெட்ரோல். இன்டேக் பக்கம் என்றால் ஃபில்டர் வழியாக மண் போயிருக்கிறது. காரணத்தைச் சரி செய்யாமல் கிட் போட்டால் அடுத்த கிட்டுக்கும் காசு எடுத்து வையுங்கள்.

ஆசிட் விஷயத்தில் நிதானம். சிலிண்டர் உள்ளே குரோம் பூச்சு என்றால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அந்தக் குரோமையே தின்றுவிடும். கிராங்க் கேஸ் மெக்னீசியம், அதில் பட்டாலும் கரையும். பெரும்பாலும் சிலிண்டரில் தெரியும் கோடு சிலிண்டரின் காயமே அல்ல, பிஸ்டனின் அலுமினியம் ஒட்டிக்கொண்டது. 400 நம்பர் எமரியை விரலில் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகப் பொறுமையாகத் தேய்த்தால் வந்துவிடும். நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டவில்லை என்றால் பழைய சிலிண்டரே உங்கள் டூப்ளிகேட்டை விட நல்லது. பிஸ்டனும் ரிங்கும் மட்டும் புதிதாகப் போடுங்கள். கட்டாயம் டூப்ளிகேட் சிலிண்டர்தான் என்றால் போர்ட் ஓரங்களைத் தடவுங்கள், கூராக இருந்தால் ரிங் மாட்டி உடையும், மெதுவாக மழுக்கிவிட்டுப் போடுங்கள். பிஸ்டன் அம்பு எக்ஸாஸ்ட்டைப் பார்க்கணும்.

உடுமலை: என்ன அரம் போடுவது? செயின் எந்த சைஸ் என்றே தெரியவில்லை.

அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் நடுவில் இருந்து நடு வரை அளந்து இரண்டால் வகுங்கள். 10.3 மில்லிமீட்டர் வந்தால் .404, அதற்கு 5.5 அரம். 9.3 வந்தால் 3/8, அதற்கு 5.2. பல்லுக்கு முன் நிற்கும் குட்டிக் கட்டையையும் தேய்க்க வேண்டும், பல்லை விட 0.7 மில்லிமீட்டர் அளவு தாழ்வாக இருந்தால் போதும். அதிகம் தேய்த்தால் மிஷின் துள்ளும். தென்னையும் பனையும் அறுப்பவர்கள் அரத்தைப் பையிலேயே வைத்திருங்கள், அந்த நாரில் உள்ள சிலிக்கா பல்லைச் சீக்கிரம் மழுக்கும்.

கூடலூர் (வேறொருவர்): ஐயா, எனக்கு வயது 58. அரை நாள் 070 பிடித்தால் விரல் நுனி மரத்துப் போகிறது, காலையில் குளிரில் வெள்ளையாகிறது. கையுறை போட்டால் சரியாகுமா?

கையுறையால் சரியாகாது ஐயா. அதிர்வு விரலின் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுக்கிறது, குளிரில் வெளுப்பது அதன் அடையாளம். மேலும் பிடித்தால் நிரந்தரமாகும். டாக்டரிடம் போய், மிஷின் பிடிக்கும் வேலை என்று முதலில் சொல்லுங்கள். இந்தக் காரணத்துக்காகத்தான் கம்பெனிகள் 1960-களிலேயே கைப்பிடிக்கு ரப்பர் வைத்து எஞ்சினில் இருந்து பிரிக்கத் தொடங்கின. ஸ்டில் மாடல் பெயரில் ஏ.வி. என்று வருவது அதுதான். உங்களுடையதில் ஏ.வி. இல்லை என்றால் தினசரி வேலைக்கு அதைத் தொடாதீர்கள், புது மிஷின் எடுங்கள்.

செயின் பிரேக் இல்லாததையும் சேர்த்துச் சொல்கிறேன். பார் நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்துக்கு வரும், நிறுத்த எதுவும் இல்லை. பழைய மிஷினைத் தரையில் கிடக்கும் கட்டைக்கு மட்டும் வையுங்கள். மரத்தின் மேல் ஏறி ஒருபோதும் வேண்டாம்.

சேலம்: சார், எல்லாம் சரி பண்ணிவிட்டேன். பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம். கிரைண்டர் வைத்துப் பழைய பெயின்ட்டை எடுக்காதீர்கள், மெக்னீசியத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் எரியும். ரிமூவர் போட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். சிலிண்டர் ஃபின் மேல் கெட்டியாகப் பெயின்ட் பூசினால் சூடு போகாது, அங்கே விட்டுவிடுங்கள். கம்பெனி ஸ்டிக்கர் பாதி இருந்தாலும் அதைச் சுற்றி டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள், சேகரிப்பவர்கள் அதற்குத்தான் விலை தருகிறார்கள்.