நான்கு மைக் போதும், முதலில் ஒரு கயிறு எடுங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி: வீட்டில் ஒரு சிறிய அறையில் ட்ரம்ஸ் பதிவு செய்கிறேன். நான்கு மைக் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ் இருக்கிறது. இரண்டு கண்டென்சர் மைக்குகளை ஓவர்ஹெட்டாக மேலே வைத்திருக்கிறேன். டைனமிக் மைக் ஒன்று ஸ்னேரில் (வாசிப்பவருக்கு முன்னே இருக்கும் சிறிய ட்ரம்), இன்னொன்று கிக்கில் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்). தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கிறது. நான்கையும் சேர்த்தால் ஸ்னேர் தகர டப்பா மாதிரி மெலிந்துவிடுகிறது. மற்ற ட்ரம்களான டாம்களுக்கும் தனி மைக் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது. இன்னும் குழப்பம்தான் கூடும். தனியாகக் கேட்கும்போது நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் மைக்குகளில் குறையில்லை. அவை ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் குறை இருக்கிறது. ஒரே அடியின் சத்தம் ஒவ்வொரு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்கிறது. ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்குச் சுமார் 2.9 மில்லிசெகண்ட் ஆகும். கேட்க அற்பமாகத் தெரிந்தாலும், ஸ்னேரின் உடம்பைத் தின்பது இந்த இடைவெளிதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஸ்னேர் மைக் தோலிலிருந்து 3 செ.மீ. தள்ளி, ஓவர்ஹெட் 89 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 86 செ.மீ., அதாவது 2.5 மில்லிசெகண்ட். 200 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளமும் சரியாக அவ்வளவுதான். ஒரு மைக்கில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்குகிறது. இரண்டையும் கூட்டினால் அந்தச் சுரம் கரைந்துபோகிறது. பெரும்பாலான ஸ்னேர்களின் கனம் 200 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும். கனம் போனபின் மிஞ்சுவது தகர டப்பா.

முதலில் ஓவர்ஹெட்டுகளைச் சரிசெய்யுங்கள். நீளாத கயிறு ஒன்றை எடுத்து, அதன் ஒரு நுனியை ஸ்னேரின் நடுவில் டேப் போட்டு ஒட்டுங்கள். மறு நுனியை முதல் ஓவர்ஹெட்டின் முகம்வரை இழுத்து, முகம் தொடும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். அப்புறம் அதே கயிற்றை இரண்டாவது மைக்குக்குக் கொண்டுபோங்கள். முடிச்சு அதன் முகத்தைத் தொடும்வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள். இரண்டு விரற்கடை பிசகினால் பரவாயில்லை, ஒரு சாண் பிசகக் கூடாது. கண்ணளவில் வைத்த மைக்குகளைப் பிறகு அளந்து பார்த்தபோதெல்லாம் எனக்குக் குறைந்தது 15 செ.மீ. வித்தியாசம் வந்திருக்கிறது. அதனால் இப்போதும் கயிறு இல்லாமல் நான் பதிவைத் தொடங்குவதில்லை.

எங்கே வைப்பது? உங்களிடம் இருக்கும் நான்கு மைக்குகளுக்குப் பொருந்துவது, இங்கிலாந்து ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸின் பெயரால் அழைக்கப்படும் முறை. ஒரு மைக் ஸ்னேருக்கு நேர் மேலே, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில். இன்னொன்று ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் பெரிய டாம்) அப்பால், அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, ஹைஹாட்டைப் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு) பார்த்தபடி. இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரம். டாம்கள் இந்த இரண்டிலேயே நன்றாக விழும். நீங்கள் கேட்கும் கூடுதல் மைக்குகளின் வேலையை இதுவே முக்கால்வாசி செய்துவிடும்.

சரி, ஓவர்ஹெட்டும் ஸ்னேர் மைக்கும் மோதுவதற்கு என்ன வழி? அவற்றை ஒரே தூரத்தில் வைக்க முடியாது. இதற்குத்தான் அலையைத் தலைகீழாகப் புரட்டும் போலாரிட்டி பொத்தான். பதிவு மென்பொருளில் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்ட சின்னம் இருக்குமே, அதுதான். எல்லா ட்ராக்கையும் மோனோவில் (இடம் வலம் பிரிக்காமல்) வைத்து, ஓவர்ஹெட் இரண்டோடு ஸ்னேரை மட்டும் சேர்த்துக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்தியும் விட்டும் கேளுங்கள். ஸ்னேரின் கனம் எந்த நிலையில் நிரம்பிக் கேட்கிறதோ அதுவே சரி. கிக் மைக்குக்கும் இதையே செய்யுங்கள். மைக் கிக்கின் முன்பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் புரட்ட வேண்டிவரும்: பீட்டர் (பெடலை மிதித்தால் கிக்கை அடிக்கும் சுத்தி) அடிக்கும்போது முன்தோல் அந்த மைக்கை நோக்கித் தள்ளுகிறது, அடிவாங்கும் தோலோ ஓவர்ஹெட்டுகளை விட்டு விலகிப்போகிறது. ஆனாலும் முடிவைக் காதிடமே விடுங்கள்.

ஸ்னேர் மைக்கைப் பொறுத்தவரை, விளிம்புக்கு இரண்டு மூன்று விரல் மேலே, முகம் தோலின் நடுவைப் பார்க்கட்டும். அதன் முதுகு ஹைஹாட்டைப் பார்த்திருக்க வேண்டும். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம்தான் காது மந்தம். ஹைஹாட் நுழைவது பாதி குறையும். மீதிப் பாதி வாசிப்பவர் கையில். சிம்பலை மெதுவாகவும் ஸ்னேரை அழுத்தியும் வாசித்துப் பழகியவரின் பதிவு, மைக் எப்படி இருந்தாலும், கேட்க இதமாக இருக்கும்.

சிறிய அறை என்கிறீர்கள். மைக்குக்கும் கூரைக்கும் நடுவே 30 செ.மீ. மட்டுமே இருந்தால், கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி 60 செ.மீ. கூடுதலாகப் பயணித்து 290 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தோண்டும். மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். முடிந்தால் அதற்கு மேலே கூரையில் கனமான கம்பளி ஒன்றைக் கட்டுங்கள். மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டுவதால் சிம்பலின் மினுமினுப்புத்தான் மங்கும், கீழ்ச்சுரங்களை அது தொடவே தொடாது.

பதிவின் சத்த அளவு விஷயம் சுலபம். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், மிகப் பலமான அடி -12 டெசிபெலில் நின்றால் போதும். சோதனையின்போது அடிப்பதைவிட உண்மையான டேக்கில் எல்லோரும் ஓங்கித்தான் அடிப்பார்கள், அதற்கு இடம் வேண்டும்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் தோலைப் பாருங்கள். நடுவில் குழி விழுந்த தோலை எந்த மைக்காலும் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு திருகாணிக்கும் முன்னால், விளிம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உள்ளே ஸ்டிக்கால் மெல்லத் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுரம் வரும்வரை எதிரெதிர்த் திருகாணிகளாக முறுக்குங்கள். கிக் உள்ளே ஒரு துண்டை மடித்து, இரண்டு தோலையும் லேசாகத் தொடும்படி வையுங்கள்.

பிறகு இருபது நொடி மட்டும் பதிவு செய்து கேளுங்கள். ஸ்னேர் இன்னும் மெலிந்தே இருந்தால், ட்ராக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள்: ஓவர்ஹெட் இரண்டும், ஓவர்ஹெட்டும் ஸ்னேரும், ஸ்னேரும் கிக்கும். எந்த ஜோடியில் கனம் குறைகிறதோ, அந்த இரண்டு மைக்குகளின் தூரத்தையும் அளந்து எனக்கு எழுதுங்கள்.