மூன்று கோடியும் இருநூறு கோடியும்

கேள்வி: பட்ஜெட், கூலி, படிப்பு, எதைக் கேட்டாலும் "எல்லாம் கோட்டையில முடிவாகுது, ஒரு எம்.எல்.ஏ. கையில என்ன இருக்கு?" என்கிறார்களே, உண்மைதானா?
— ஒரு வாசகர், சாயல்குடி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 203ஆவது பிரிவுப்படி, ஆளுநரின் பரிந்துரையோடு அரசுதான் மானியக் கோரிக்கையை, அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்ற கோரிக்கையை, வைக்க முடியும். சட்டமன்றம் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டித் தர முடியாது. நூறு நாள் வேலைக்கான கூலியை டெல்லிதான் அறிவித்தது, 2025-26இல் நமக்கு நாளுக்கு 336 ரூபாய். இதற்கெல்லாம் எம்.எல்.ஏ.வின் சட்டையைப் பிடித்துப் பிரயோசனமில்லை.

ஆனால் கை என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2017 ஜூலையில் உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 55,000இலிருந்து 1,05,000 ரூபாய் ஆனது, அன்றைக்கு அந்தக் கையில் எல்லாம் இருந்தது. அரசுப் பள்ளிகளில் ஓவியமும் தையலும் உடற்பயிற்சியும் சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள் 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள். அது 12,500 ஆவதற்குள் சென்னைத் தெருவில் எத்தனை தடவை உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது!

அப்புறம் அந்தத் தொகுதி மேம்பாட்டு நிதி. வருடத்துக்கு 3 கோடி. அதை வைத்து நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, அதன் மேல் நிதியைவிடப் பெரிதாக உறுப்பினர் பெயர். இதைத் திட்டி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஏனென்றால் கணக்கு இப்படி இருக்கிறது: 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு மட்டும் 46,767 கோடி. 234 தொகுதிக்கும் சமமாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு தொகுதிக்குக் கிட்டத்தட்ட 200 கோடி. அந்த 200 கோடி நம் கடற்கரைப் பள்ளிகளில் என்ன ஆனது, எந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை, எங்கே ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு 3 கோடிக்குத் திறப்பு விழா நடத்திக்கொண்டிருந்தால் எப்படி?

கூலிக்கும் இதே கதைதான். குறைந்தபட்சக் கூலியை மாநில அரசு ஆணை போட்டு நிர்ணயிக்கிறது, ஐந்து வருடத்துக்கு மிகாமல் திருத்த வேண்டும் என்று 1948ஆம் வருடச் சட்டமே சொன்னது. வாலிநோக்கத்தில் இருப்பதோ அரசின் சொந்த உப்புக் கழகம், 1974இல் தொடங்கியது. அங்கே உப்பு வாரும் பெண்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பாதம் வெளுத்து ஊறி, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, அந்த வெடிப்புக்குள்ளேயே மறுபடி உப்புத்தண்ணீர் இறங்கும். அவர்களுக்குக் கூலி கொடுக்கிற முதலாளியே அரசுதான் என்கிறபோது, அதைக் கேட்கக்கூடக் கையில் ஒன்றும் இல்லையா?

கூலியையும் படிப்பையும் தனித்தனித் துறையாக வைத்துப் பேசுவது கோட்டைக்குச் சரி, பாம்பனில் ஒரு வீட்டுக்குச் சரிப்படாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தத் தடைக்கு நடுவில்தான் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது, கல்லூரிக்கு விண்ணப்பம் போடவேண்டும், ஹாஸ்டலுக்குப் பணம் கட்டவேண்டும், சின்னப் பிள்ளைக்குப் பள்ளியும் திறந்துவிடும். நிவாரணம் 8,000 ரூபாய், 2023இல் மண்டபத்தில் வைத்து அறிவித்தது. நாளுக்கு வகுத்தால் 131 ரூபாய். நல்ல மார்க் எடுத்த பையன் கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ படகேறப் போவது இந்த இரண்டு மாதத்தில்தான் முடிவாகிறது. தடை தொடங்கும் முன்பே நிவாரணத்தைக் கையில் கொடுங்கள், இந்த மாவட்டப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை ஜூலைவரை தள்ளிவையுங்கள் என்று பேச எந்த ஆளுநரின் பரிந்துரையும் வேண்டாம்.

மண்டபம் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் ஆறவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது, 1971இல் கொச்சிக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு மண்டல நிலையம். கலாம் பிறந்த மண் என்று மேடைக்கு மேடை மூச்சு விடாமல் பேசுகிறவர்கள், கடலைப் படிக்க இந்தக் கரைப் பிள்ளை ஏன் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் போகவேண்டும் என்று ஒருமுறையாவது கேட்கட்டும்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் அவர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், மானியக் கோரிக்கையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டுத் தொகுதிக் குறையை அவைக்குறிப்பில் ஏற்றலாம். ஆளுங்கட்சிக்காரருக்கு விவாதத்தில் நேரம் இருக்கிறது, கேள்வி நேரம் இருக்கிறது. அடுத்த தடவை அவர் ஊருக்கு வரும்போது சால்வையோடு போகாதீர்கள். பள்ளிக்கல்வி, மீன்வளம், தொழிலாளர் நலம், இந்த மூன்று மானியக் கோரிக்கை நாட்களிலும் எழுந்து என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.