துணிக்கடையில் உட்காரலாமா? கேள்வி பதில்

பத்து வருடம் புடவைப் பிரிவில் நின்று விற்றவள் நான். இப்போது கடைப் பணியாளர் சங்கத்தில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, எங்கள் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். யாரும் உட்காருவதில்லை.

1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22ஏ பிரிவைச் சேர்த்தார்கள், தங்கச்சி. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளத்தான் இருக்கை போடச் சொல்கிறது அது. தனியாகப் போய்க் கேட்டால் "யார் தடுத்தது?" என்பார்கள். ஐந்தாறு பேராகப் போங்கள். கவுண்டரில் ஆள் இல்லாதபோது உட்காரலாம் என்று சூப்பர்வைசர் இருக்கும்போதே முதலாளி வாயால் சொல்ல வையுங்கள். அப்புறம் மூத்தவர் ஒருவர் முதலில் உட்காரட்டும். எங்கள் கடையில் சின்னப் பெண்கள் எதற்கும் மூத்தவர்களைத்தான் பார்ப்பார்கள். அப்படியும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகாரை எழுதிக் கொடுங்கள்.

சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஊழியர் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்களா?

உங்கள் பயம் புரிகிறது, அண்ணா. ஆள் வந்ததும் எழுந்து "வாங்க" என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சாயங்காலம் கால் கடுத்து நிற்கும்போது, மேல் தட்டில் இருக்கும் மயில் கழுத்து நிறத்தைக் கேட்டால் "அது இல்லைங்க" என்று சொல்லத் தோன்றும். நானே சொல்லியிருக்கிறேன். சரக்கு இருந்தது, எட்டி எடுக்கத் தெம்பு இல்லை. அப்படிக் கைவிட்டுப்போன வியாபாரம் எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறாது. ஊழியருக்கு ஆர்வம் இல்லை என்று முதலாளிகள் சொல்லும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

பாத்ரூம் போகக்கூட அனுமதி கேட்க வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன்.

தயவு செய்து குறைக்காதேம்மா. சிறுநீர்த் தொற்று வரும். எரிச்சல் இருந்தால் உடனே டாக்டரைப் பார். இது உன் ஒருத்தியின் கஷ்டமும் இல்லை. கோழிக்கோட்டில் தையல்காரரான விஜி பெண்கூட்டு, கடைப் பெண்களைத் திரட்டி முதலில் கேட்டது கழிப்பறைதான். உட்காரும் உரிமையையும் அந்தப் பெண்கள் விடாமல் கேட்டார்கள். 2018இல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆண்களுக்கும் இந்த உட்காரும் உரிமை உண்டா?

உண்டு, தம்பி. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும்.