வசனம் எழுதாமல் எடுத்த காட்சி எடிட்டில் ஒட்டவில்லை என்றால்

பிரியப்போகும் இருவர் சமையலறையில் பேசும் காட்சியை எடுத்துவிட்டு, எடிட்டில் ஒட்டவில்லையே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மறுபடி எடுக்க வாய்ப்பிருந்தால், இரண்டு கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள், ஆளுக்கு ஒன்று. அந்தக் காட்சி ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் நடிப்பு இல்லை. எழுதிய வசனம் கிடையாது, கேமராவும் ஒன்றுதான். அவள் முகத்தை எடுத்தபோது அவன் சொன்ன வார்த்தை, கேமரா அவன் பக்கம் வந்தபோது மாறியிருக்கும்.

அமெரிக்க இயக்குநர் லின் ஷெல்டன் 2009இல் வெளிவந்த 'ஹம்ப்டே' படத்தை இப்படித்தான் எடுத்தார்: கதைச்சுருக்கம் கையில், பேச்சு நடிகர்களுடையது, கேமரா இரண்டு. பதில் வாயில் வருவதற்கு முந்தைய அந்த அரை நொடித் தயக்கம் இரண்டு முகத்திலும் ஒன்றாகப் பதிவாகும். அதற்காகத்தானே இந்த வகைப் படங்களைப் பார்க்கிறோம்!

சரி, அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். திரையை மறைத்துவிட்டு, இருக்கும் டேக்குகளின் (காட்சியை ஒவ்வொரு முறை எடுத்த பதிவுகளின்) ஒலியை மட்டும் கேளுங்கள். ஏதாவது ஒன்று முழுதாக நிற்கிறதா? நின்றால் அதையே வெட்டாமல் வையுங்கள். மறுபடி எடுக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: எதிரெதிரே கேமரா வைத்தால் நீளக் கம்பில் பிடிக்கும் பூம் மைக்கும் விளக்கும் ஃபிரேமுக்குள் வந்துவிடும். ஆளுக்கொரு காலர் மைக் மாட்டிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுங்கள்.