ஜெல்லிக்குள் குமிழி நிற்க வேண்டுமா?

கேள்வி: ஸ்பார்க்லிங் ஒயினில் ஜெல்லி செய்தேன். ஊற்றும்போதே நுரை பொங்கி அடங்கிவிட்டது. மறுநாள் பார்த்தால் அடியில் ரப்பர் மாதிரி ஒரு படலம், மேலே தண்ணீர். ஏன் இப்படி?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டு கோளாறுக்கும் காரணம் சூடுதான். ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம்) கரைசலைச் சூடாக ஊற்றினால் ஒயினில் கரைந்திருக்கும் கரியமில வாயு ஓடிவிடும். சில்லென்ற ஒயின் பட்ட இடத்தில் ஜெலட்டினும் சட்டென்று உறைந்து, நூல் நூலாக அடியில் தங்கிவிடும்.

6 டம்ளருக்கு: ஒயின் 500 மி.லி., வாசனை சேர்க்காத ஜெலட்டின் தூள் 14 கிராம், சர்க்கரை 90 கிராம், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. ஜெலட்டினை 70 மி.லி. பச்சைத் தண்ணீரில் தூவி 10 நிமிடம் ஊறவிடுங்கள். சர்க்கரையை 120 மி.லி. தண்ணீரில் கொதிக்கவிட்டு இறக்கி, கொதி அடங்கியதும் ஊறிய ஜெலட்டினைப் போட்டுக் கலக்குங்கள். ஜெலட்டினைக் கொதிக்கவிட்டால் உறையும் சக்தி குறையும். எலுமிச்சைச் சாறு சேர்த்து வடிகட்டி, விரல் வைத்தால் சூடு தெரியாத பதத்துக்கு ஆறவிடுங்கள்.

இனிதான் கவனம் வேண்டும். பாட்டிலை அதுவரை திறக்காமல் பிரிட்ஜிலேயே வைத்திருங்கள். திறந்ததும் 100 மி.லி. ஒயினை மட்டும் கரைசலில் விட்டுக் கலக்கி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி, ஓரம் உறையாதபடி துழாவிக்கொண்டே இருங்கள். நல்லெண்ணெய் போலக் கெட்டியானதும் வெளியே எடுத்து, மீதி ஒயினைப் பாத்திரத்தின் ஓரமாகச் சரித்து ஊற்றி, இரண்டே முறை மெதுவாகப் புரட்டுங்கள். குளிரவைத்த டம்ளர்களில் ஊற்றி மூடி, ஓர் இரவு பிரிட்ஜில் விடுங்கள். கரைசல் கெட்டியாக இருப்பதால் குமிழி மேலே ஏற முடியாமல் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். எல்லாக் குமிழியும் நிற்காது. நாக்கில் சுருக்கென்று தெரிந்தாலே வெற்றி.

'ப்ரூட்' என்று போட்ட பாட்டிலில் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது; மேலே சொன்ன 90 கிராம் அதற்குத்தான். 'டெமி செக்' என்றால் 32 முதல் 50 கிராம் வரை இருக்கும், 70 கிராம் சேர்த்தால் போதும். கலரும் வாசனையும் போட்ட ஜெல்லி பாக்கெட் வேண்டவே வேண்டாம், ஒயின் ருசியே தெரியாது.

கேள்வி: அன்னாசித் துண்டு போட்டேன், ஜெல்லி உறையவே இல்லை.
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: உறையாது. பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி, இஞ்சி எல்லாவற்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு, ஜெலட்டின் புரதம்தானே! அன்னாசியை வேகவைத்தோ டின்னில் வந்ததையோ போடலாம். இரண்டாக நறுக்கிய பன்னீர் திராட்சையை விதை எடுத்துப் போட்டால் நிறமும் அழகு. பாதி உறைந்த பிறகு போடுங்கள்.

கேள்வி: சைவமாகக் கடல்பாசியில் (அகர் அகர்) செய்யலாமா? மே மாதத்தில் மேசையில் வைத்தால் உருகுமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: கடல்பாசி ஜெல்லி நம் வெயிலுக்கு உருகாது, ஜெலட்டின் 30 டிகிரி தாண்டினாலே இளகும். கரண்ட் போய் இளகிவிட்டால் திரும்ப உறையும், குமிழி மட்டும் திரும்பாது. ஆனால் கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழ் வந்ததுமே உறையத் தொடங்கும், அதனால் சில்லென்ற ஒயினைக் கலக்க முடியாது. 5 கிராம் தூளை 200 மி.லி. தண்ணீரில், சர்க்கரையோடு, 3 நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, சூடு குறையும் முன் அறைவெப்பத்தில் இருக்கும் 400 மி.லி. ஒயினைச் சேர்த்து உடனே ஊற்றுங்கள். குமிழியை மறந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு பாட்டில் வாங்கி எடுத்துவரலாமா? பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இரண்டும் கூடாது. புதுச்சேரி மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் 'ஜெல்லிக்குத்தான்' என்று சொன்னால் எடுபடாது. ஒயினைக் கொதிக்கவிடாததால் ஆல்கஹால் அப்படியே இருக்கும்: 12 சதவீத ஒயின் என்றால் டம்ளருக்குச் சுமார் 10 மி.லி. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஆகாது. அவர்களுக்குக் குளிர்ந்த பன்னீர் சோடாவில் இதே முறையில் செய்யுங்கள், சர்க்கரையை 30 கிராமாகக் குறைத்து.