ஹோட்டல் எம்பிஏ படிக்க சிங்கப்பூர் வரும் தம்பிக்கு

தம்பி, கேட்டரிங் முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் கல்லூரியில் ஹாஸ்பிட்டாலிட்டி எம்பிஏ சேரலாமா, பகுதிநேர வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாம் என்று ஏஜெண்ட் சொல்கிறாரே, அறை வாடகை எவ்வளவு, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் சாப்பாடும் இங்கே நம் ஆட்கள் கூடும் தேக்காவில் நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். அந்தப் பகுதிநேர வேலைப் பேச்சுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

தனியார் கல்விக்கூடத்தில் மாணவர் பாஸில், அதாவது படிப்பதற்கான அனுமதியில், இருப்பவர் இங்கே வேலை பார்க்கக் கூடாது. விடுமுறையிலும் கூடாது. தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் போல மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள இடங்களில் முழுநேரம் படிப்பவர்களுக்குத்தான் பாட நாட்களில் வாரம் 16 மணி நேரம் அனுமதி. மீறிப் பிடிபட்டால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து. அப்போது ஏஜெண்ட் போனையே எடுக்க மாட்டார். படிப்போடு பயிற்சி வேலையும் உண்டு என்றால், எந்தப் பாஸில் என்று எழுத்தில் வாங்குங்கள். கல்லூரிக்கு எடுடிரஸ்ட் என்ற அரசுத் தரச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, படித்து முடித்த பிறகு? பட்டத்தைக் காட்டினால் மட்டும் வேலை பாஸ் கிடைத்துவிடாது. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், வயது கூடினால் அதுவும் கூடும். அதோடு காம்பாஸ் என்ற புள்ளிக் கணக்கில் 40 புள்ளி எடுக்க வேண்டும். ரிசப்ஷனில் புதிதாக நிற்பவருக்கு எந்த ஹோட்டல் அவ்வளவு கொடுக்கும்? அதற்கு அடுத்த நிலையான எஸ் பாஸ் என்றால் குறைந்தது 3,300 வெள்ளி சம்பளம், வெளிநாட்டு ஆட்களை எடுக்க ஹோட்டலுக்குக் கோட்டாவும் மிச்சம் இருக்க வேண்டும்.

"வா, வந்தால் வேலை நிச்சயம்" என்று அடித்துச் சொல்கிற நம் ஆட்கள் பலர் என்னைப் போல 2010 வாக்கில் வந்தவர்கள். மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா ரிசார்ட்ஸ் வேர்ல்ட் என்ற பெரிய ஹோட்டல் வளாகங்கள் இரண்டும் திறந்த வருடம் அது. எங்கும் ஆள் தேவை, எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,800 வெள்ளிதான். அந்தக் கணக்கை இன்னும் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அநியாயம்.

என்னிடமும் ஊரில் ரிசப்ஷன் வேலை என்றுதான் சொன்னார்கள். வந்து நின்றது பேங்குவெட் ஹாலுக்குப் பின்னால். வாளியில் கொதிநீர், அதன் ஆவியில் ஒயின் கிளாஸைக் காட்டி, ரேகை படியாமல் துணியால் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். விரல் நுனியெல்லாம் வெந்துவிடும். பக்கத்தில் நின்ற சீன ஆண்ட்டி ஒருவர்தான் எனக்கு மாண்டரினில் எண்கள் கற்றுக் கொடுத்தார், மேசை எண்ணைத் தப்பாகச் சொன்னால் துணியால் தோளில் ஒரு தட்டு. அந்த மாண்டரினை வைத்துத்தான் அப்புறம் ஃப்ரண்ட் டெஸ்க்குக்குப் போனேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இன்று டியூட்டி மேனேஜராக ஆள் எடுக்கும்போது, எம்பிஏ இருக்கிறதா என்பதைவிட ராத்திரி ஷிப்டில் நின்றிருக்கிறாரா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அதனால் ஊரிலேயே நல்ல ஹோட்டல் ஒன்றில் இரண்டு மூன்று வருடம் வேலை பாருங்கள். இல்லை, இப்போதே வரத்தான் வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன் கல்லூரி பெயரைச் சொல்லுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.